அத்திவாரத்துக்கு முன்னே தண்ணீர்

கலஹா, தெல்தோட்டைப் பக்கத் தோட்டங்களில் லயத்தை விட்டுத் தனிவீடு கட்டுவோர், அத்திவாரக் கல்லை மந்திரிக்க எம்மை அழைக்கிறார்கள். மலக்குழி எங்கே வரும் என்று கேட்டால் மேசனின் முகத்தைப் பார்க்கிறார்கள். கூரை போட்ட பிறகே அந்தப் பேச்சு எழுகிறது. இந்த ஒழுங்கை மாற்ற வேண்டும் என்பதே எமது கருத்து.

தோட்ட வீடமைப்பில் முன்பு ஒரு குடும்பத்துக்கு 7 பேர்ச்சஸ் காணி வழங்கப்பட்டது. சதுரமாக அளந்தால் ஒரு பக்கம் 44 அடிகூட வராது. மலக்குழியோ ஊற்றிலிருந்தும் கிணற்றிலிருந்தும் 50 அடியாவது தள்ளி, பள்ளத்துப் பக்கமாக இருக்க வேண்டும். ஆகவே தன் வேலிக்குள் மட்டும் பார்த்து எவரும் இடம் குறிக்க முடியாது. மேல்வீட்டுக் குழியின் கசிவு கீழ்வீட்டுக் குடத்தில் வந்து சேரும். வரிசையிலுள்ள எல்லாக் குடும்பங்களும் கூடி நின்று நூல் பிடித்த பின்பே மண்வெட்டியை எடுக்கட்டும்.

2017 மே மாதம் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் மோடி மேலும் 10,000 வீடுகளை அறிவித்தபோது, எல்லோரும் வீட்டு எண்ணிக்கையையே பேசினோம். எத்தனை வீட்டுக்குப் பீலி நீர் எட்டும் என்று யார் கேட்டோம்?

ஊற்று வீட்டுக்கு மேலே இருந்தால் மோட்டார் வேண்டியதில்லை. 10 மீற்றர் உயரம் ஏறக்குறைய 1 பார் அழுத்தம் தரும்.

குளிருக்கு அடுப்போடு பீப்பா வைத்துச் சுடுநீர் எடுப்போர் அதை இறுக மூட வேண்டாம். ஆவி போக மேலே திறந்த குழாய் இல்லாவிட்டால் பீப்பா வெடிக்கும். சாதாரண பி.வி.சி. குழாய் கொதிநீரில் இளகிவிடும். அந்தத் துண்டுக்கு மட்டுமாவது இரும்புக் குழாய் வாங்குங்கள்.