படிவத்தில் இடமில்லாத வேலை

கல்லூரி ஆசிரியரின் பதவி உயர்வுக்கு இன்று எல்லாவற்றுக்கும் கணக்கு உண்டு: ஆய்வுக் கட்டுரை, கருத்தரங்கு, புத்தாக்கப் பயிற்சி. ஒரு மாணவனைக் கூப்பிட்டு, "அடுத்து என்னப்பா பண்ணப் போறே?" என்று விசாரித்ததை எழுத மட்டும் படிவத்தில் கட்டம் இல்லை. சென்னை லயோலா கல்லூரியில் கணிதம் சொல்லிக்கொடுத்த பாதிரியார் ரசீன் இந்தப் படிவத்தை நிரப்பியிருந்தால் தேறியிருப்பாரா என்பது சந்தேகம்தான். பாரிஸில் கணிதவியலாளர் எலீ கார்த்தானிடம் ஆய்வு செய்துவிட்டு 1937இல் இந்தியா வந்தவர் அவர். நம் கல்லூரிகளில் கேம்பிரிட்ஜின் பழைய பாடமுறை ஓடிக்கொண்டிருந்த நாளில், பிரான்சில் அப்போதுதான் உருவாகிவந்த புதுக் கணிதத்தை இளங்கலைப் பிள்ளைகளுக்குக் காட்டினார். அதோடு விட்டிருந்தால் நல்ல வாத்தியார் என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார்கள். பட்டம் வாங்கியதும் சர்க்கார் உத்தியோகம் என்று வீடுகள் கனவு கண்ட காலம் அது. அவரோ கெட்டிக்காரப் பிள்ளைகளைப் பம்பாய்க்கு, டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்துக்குப் போகச் சொன்னார். போனவர்களில் எம்.எஸ். நரசிம்மனும் சி.எஸ். சேஷாத்ரியும் உண்டு, 1965இல் அவர்கள் வெளியிட்ட தேற்றத்தை இன்றும் உலகம் அந்த இருவர் பெயராலேயே அழைக்கிறது. கணிதவியலாளர் சி.பி. ராமானுஜமும் ரசீனின் மாணவர்தான். சேஷாத்ரி 1989இல் தொடங்கிய கணிதப் பள்ளிதான் பின்னாளில் சென்னை கணிதவியல் கழகம் ஆனது. இப்போது சிறுசேரியில் இருக்கும் அந்தக் கழகத்தில், ப்ளஸ் டூ முடித்துவிட்டு வரும் பிள்ளைகளுக்கு ஆய்வாளர்களே நேரடியாகப் பாடம் எடுக்கிறார்கள். இதையெல்லாம் எந்த ஆண்டின் சுயமதிப்பீட்டு அறிக்கையில் சேர்ப்பது?