இடது காலுக்கும் ஒரு பந்தயம்

சென்ற ஞாயிற்றுக்கிழமை மாலை, நமது வீட்டுக்கு அருகிலுள்ள மைதானத்தில் சிறுவர்களின் கால்பந்துப் பந்தயம் ஒன்றைப் பார்க்க நேர்ந்தது. உள்ளே ஆடியவர்களில் யாருக்கும் பத்து வயதுக்கு மேல் இராது. கோட்டுக்கு வெளியே நின்று ஆடியவர்களுக்கோ நாற்பது வயதுக்குக் குறைவில்லை! "உதைடா! ஓங்கி உதைடா!" என்று தகப்பனார்கள் போட்ட கூச்சலில், வேப்பமரத்துக் காக்கைகளெல்லாம் வேறு ஊருக்குக் குடிபோய்விட்டன.

பிள்ளைகளும் பிதுர்வாக்கிய பரிபாலனம் செய்தார்கள். பந்து காலுக்கு வந்ததோ இல்லையோ, கண்ணை மூடிக்கொண்டு ஓங்கி உதைத்தார்கள். பந்து எங்கேயோ போயிற்று. அத்தனை பேரும் அதன் பின்னால் ஓடினார்கள். ஒரு கட்சியில் மற்றவர்களைவிட ஒரு சாண் உயரமான பையன் ஒருவன் இருந்தான். நாலு கோலையும் அவனே போட்டான். கட்சி ஜயித்தது, கோப்பையும் கிடைத்தது.

தோற்ற கட்சியில் ஒரு பொடியன். ஒரே ஒரு தடவை, தன்னிடம் வந்த பந்தைப் பாதத்தின் உட்புறத்தால் மெதுவாக அணைத்து நிறுத்தினான். தலை நிமிர்ந்து பார்த்தான். காலியான இடத்தில் நின்ற தோழனுக்குப் பந்தை அனுப்பினான். கை தட்டியவர் ஒருவருமில்லை. பந்தயம் முடிந்ததும் அவனுடைய தகப்பனார் கேட்ட முதல் கேள்வி, "ஏண்டா நீ உதைக்கவில்லை?" என்பதுதான். பையன் தலையைக் குனிந்துகொண்டான்.

நமக்கு அப்போது ஹைதராபாத் ரஹீம் சாகிபின் ஞாபகம் வந்தது.

ஸையத் அப்துல் ரஹீம் பள்ளிக்கூட உபாத்தியாயராக இருந்தவர். 1943-ஆம் வருஷம் முதல் ஹைதராபாத் கால்பந்துச் சங்கத்தின் காரியதரிசி. 1950 முதல் இந்தியக் கட்சியின் பயிற்சியாளர். அரிச்சுவடி தெரியாதவன் கையில் காவியத்தைக் கொடுத்துப் பயனில்லை என்பது உபாத்தியாயருக்குத் தெரியாதா? ஆகவே, அவர் பந்தயங்களையே பாடமாக மாற்றினார். பழகாத காலினாலேயே உதைத்து ஆட வேண்டும் என்று ஒரு பந்தயம். பந்தைக் காலில் வைத்துக்கொண்டு தனியாக ஓடலாகாது, வந்தவுடன் தோழனுக்கு அனுப்பிவிட வேண்டும் என்று இன்னொரு பந்தயம்.

இது விளையாட்டுத்தனமான ஏற்பாடு என்று நேயர்கள் எண்ணிவிட வேண்டாம். வலது காலை மட்டும் நம்பியிருப்பவனைத் தடுப்பது சுலபம்; அவன் எந்தப் பக்கம் திரும்புவான் என்பது எதிரிக்கு முன்கூட்டியே தெரியும். இடது காலும் பழகிவிட்டால், மைதானத்தில் அவனுக்கு அடைபட்டிருந்த பாதி திறந்துவிடுகிறது. வந்த பந்தை உடனே அனுப்பவேண்டுமானால், அது வருவதற்கு முன்பே சுற்றிலும் பார்த்து வைத்திருக்க வேண்டும். அப்படியாக, காலுக்கு இட்ட விதி கண்ணுக்கும் புத்திக்கும் பயிற்சியாகிவிடுகிறது.

பலன் என்ன? ரஹீமிடம் பயின்ற ஹைதராபாத் போலீஸ் கட்சி 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து வருஷம் ரோவர்ஸ் கோப்பையை வென்றது. 1952-இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யுகோஸ்லாவியாவிடம் பத்துக்கு ஒன்று என்று தோற்றுத் திரும்பிய நம் தேசம், 1956-இல் மெல்போர்னில் ஆஸ்திரேலியாவை நாலுக்கு இரண்டு என்று வென்று நான்காவது ஸ்தானத்தை அடைந்தது. 1962-இல் ஜகார்த்தாவில் தென்கொரியாவை வென்று ஆசியப் போட்டியின் தங்கப் பதக்கத்தைக் கொண்டு வந்தது. மறுவருஷம் ரஹீம் காலமானார். ஆண்கள் கால்பந்தில் அந்தத் தங்கம் அதன் பிறகு நமக்குக் கிட்டவில்லை. இதற்குக் காரணங்கள் பல. ஆனால் அஸ்திவாரத்தை மறந்ததும் அவற்றில் ஒன்று என்பது நமது அபிப்பிராயம்.

"ஜயிக்க வேண்டாமென்றால் விளையாட்டில் என்ன ருசி?" என்று சிலர் கேட்கலாம். ரஹீம் சாகிப் போட்டியை ஒழிக்கவில்லையே! எதைக் கற்க வேண்டுமோ அதற்குப் போட்டி வைத்தார். நாமோ உயரத்துக்குக் கோப்பை கொடுக்கிறோம். இதனால் அந்த உயரமான பையனுக்கும் நஷ்டந்தான். பதினைந்து வயதில் மற்றவர்களும் வளர்ந்துவிடுவார்கள். அப்போது அவனிடம் உயரமும் மிஞ்சாது, வித்தையும் இராது.

வீட்டில் செய்யக்கூடியதும் உண்டு. பெரியவர்களின் பந்து 68 முதல் 70 சென்டிமீட்டர் சுற்றளவும், 410 முதல் 450 கிராம் எடையும் உள்ளது. அதைப் பிஞ்சுக் காலுக்குக் கொடுக்காமல், நாலாம் நம்பர் பந்தோ, இன்னும் சிறியவர்களுக்கு மூன்றாம் நம்பர் பந்தோ வாங்கிக் கொடுங்கள். கொல்லைச் சுவர் ஒன்று போதும்: இடது காலால் அடித்து, திரும்பி வருவதை இடது காலாலேயே நிறுத்தட்டும். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் சேர்ந்தால், கட்சிக்கு நாலைந்து பேராகச் சிறிய இடத்தில் ஆடட்டும். ஒவ்வொருவன் காலுக்கும் பந்து அடிக்கடி வரும். பெண் குழந்தைகளையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

விளையாடிவிட்டு வரும் குழந்தையிடம், "எத்தனை கோல்?" என்று கேட்பதற்கு முன்னால், "இடது காலால் எத்தனை தடவை அனுப்பினாய்?" என்று கேட்டுப் பாருங்கள். அந்தப் பொடியனின் தகப்பனார் இந்தப் பத்தியைப் படிப்பாரானால் நமக்குப் பரம திருப்தி. வருகிற ஞாயிற்றுக்கிழமையும் நாம் அங்கே போவதாக இருக்கிறோம். அவன் மறுபடியும் பந்தை அப்படி நிறுத்தினால் கை தட்டுவதற்கு ஒருவராவது வேண்டுமல்லவா?