பிளாஸ்டிக்குன்னா மட்டமா?

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு பைக்கில் போயிருப்பீங்க. இருபது கொண்டை ஊசி வளைவு. கீழே வேர்த்துக் கொட்டும். மேலே, சுமார் 1,500 மீட்டர் உயரத்தில், மழை மாதங்களில் துவைத்த துணியே காயாது. அந்த ஈரத்தில் மரக்கதவு உப்பி நிலையில் சிக்கிக்கும், தோளால் இடிச்சுத்தான் திறக்கணும். மரக்கட்டை போட்ட ரைஃபிளுக்கும் இதே கதைதான்.

வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972 இருக்கிற நாட்டில் சேர்வராயன் மலையில் வேட்டையாட முடியாது, கூடவும் கூடாது. ஆனா வேட்டை ரைஃபிளின் கட்டை நமக்கு ஒரு நல்ல மெக்கானிக்கல் பாடம். "விலை குறைஞ்ச சிந்தெடிக் கட்டை போட்டா குறி தப்பும்" என்பார்கள். பாதிதான் சரி. பழியைப் போடுவது தப்பான இடத்தில்.

சுடும்போது குழல் அதிரும். ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி அதிர்ந்தால் குண்டும் ஒரே இடத்தில் விழும். மரம் ஈரத்தில் உப்பி, வளைந்து குழலை ஒரு பக்கமா அழுத்தினால் குறி நகரும். கோணத்தில் ஒரு நிமிட அளவு மாறினாலே 100 மீட்டரில் சுமார் 2.9 செ.மீ. தள்ளிப் போகும். பிளாஸ்டிக் அப்படி முறுக்கிக்கொள்வது குறைவு.

அப்போ மலிவுக் கட்டையில் என்ன கோளாறு? விறைப்பு. வால்நட் மரத்தின் யங் மாடுலஸ் நார் வாக்கில் சுமார் 11 ஜிகாபாஸ்கல். வெறும் நைலான் 66-க்கு காய்ந்த நிலையில் சுமார் 3 தான். ஈரத்தை இழுத்தால் இன்னும் குறையும். கண்ணாடி இழை 30 சதவீதம் சேர்த்தால் மரத்தை நெருங்கிடும். இழையை மிச்சப்படுத்தி, முன்கட்டையை உள்ளே வெறும் கூடா வார்த்தால், பைபாடில் சாய்ந்ததும் வளைந்து குழலைத் தொடும்.

இதைப் பிடிக்க ஒரு பத்து ரூபாய் நோட்டு போதும். குண்டு இல்லாத ரைஃபிளில், குழலுக்கும் கட்டைக்கும் நடுவே நோட்டை ஓட்டிப் பாருங்க. சும்மா இருக்கும்போது ஓடி, முன்கட்டையை அழுத்தினதும் சிக்கினால், குற்றவாளி பிளாஸ்டிக் இல்லை, விறைப்பு போதாத வடிவம். உள்ளே குறுக்கு விலா வைக்கணும், இடைவெளியைக் கூட்டணும், ஆக்‌ஷன் உட்காருற இடத்தில் அலுமினியம் வைக்கணும்.

ரெமிங்டன் 1959-லேயே நைலான் கட்டையோட 'நைலான் 66' ரைஃபிளை விற்றது. அந்த வருஷம் டாம் ஃப்ரை அந்த ரைஃபிள்களால் காற்றில் எறிந்த 1,00,010 மரத்துண்டுகளைச் சுட்டார், தப்பியது 6. அது அதிர்ச்சி குறைந்த சின்ன .22 தான், தூரமும் கிட்டத்தான். ஆனாலும் லட்சம் தடவை சுட்டும் நின்ற கட்டையை மட்டம்னு சொல்ல முடியுமா?

மறுபக்கமும் உண்டு. 1999 கார்கில் குளிரில் இன்சாஸின் பிளாஸ்டிக் மேகசின் விரிசல் விட்டதா புகார் வந்தது. உஷ்ணத்தையும் குளிரையும் கணக்கில் எடுக்காத பொருள் எதுவும் காலை வாரும்.

இன்னிக்கு தமிழ்நாட்டுப் பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தின் ஐந்து மையங்களில் சேலமும் ஒன்று. நாளைக்கு இந்த வேலைக்குப் போகப்போறது நம்மில் சிலர். அங்கே ஒரு பாகம் வளைந்தால் "பிளாஸ்டிக்தானே" என்று கையை உதறாதீங்க. எங்கே, எவ்வளவு, எந்த ஈரத்தில் வளையுதுன்னு கேளுங்க. விலையைக் குறைக்கிறது தப்பில்லை. விறைப்பைக் குறைச்சுட்டு விலையைக் குறைச்சதா சொல்றதுதான் தப்பு.