மலிவு என்னும் மயக்கம்

பேராக்கில் வருமானம் குறைவாயினும் செலவும் குறைவு. ஆகவே சிலாங்கூரோடு அது நிகரே என்று கணக்கு முடிப்போர் உளர். 2019இல் குடும்பத்தின் இடைநிலை மாத வருமானம் சிலாங்கூரில் 8,210 ரிங்கிட், பேராக்கில் 4,273. ஈப்போவில் வாடகை மலிவுதான். பெட்ரோலுமா மலிவு?

1985இல் ஈயச் சந்தை சரிந்தபின் கிந்தாச் சுரங்கங்கள் ஒவ்வொன்றாய் ஓய்ந்தன. ரப்பர்த் தோட்டங்கள் கைமாறியபோது தொழிலாளர் வேலையோடு வீட்டையும் இழந்தனர். லயம் தோட்டத்தின் உடைமையன்றோ! பிள்ளைகள் கிள்ளானுக்கும் ஷா ஆலாமுக்கும் பெயர்ந்தனர். இளைஞர் நீங்கிய ஊரில் வாடகை குறைவது வியப்பன்று. அவர்தம் உழைப்பு சிலாங்கூரின் கணக்கில் ஏறுகிறது. அவர்களை வளர்த்த செலவும், பெற்றோரைப் பேணும் செலவும் பேராக்கின் கணக்கில் நிற்கின்றன. இதையா நிகர் என்பது?

ஐயமுற்றோர் விடுமுறை முடியும் ஞாயிறு மாலையில் ஈப்போ அமான்ஜெயா பேருந்து நிலையத்துக்குச் சென்று, தெற்கு நோக்கிப் புறப்படும் பேருந்துகளில் ஏறுவோரைப் பார்க்கட்டும்.