வருத்தம் வேறு, மன்னிப்பு வேறு

‘ஏற்பட்ட சிரமத்திற்கு வருந்துகிறோம்.’

ரயில் நிலையத்தில், வங்கிச் செயலியில், பழுதான மின்தூக்கியின் கதவில் என்று இந்த வாக்கியம் கண்ணில் படாத வாரம் குறைவு. வானொலியில் இதை நான் எத்தனை முறை வாசித்திருப்பேன் என்பதற்குக் கணக்கே இல்லை.

சற்று நிதானித்துப் பாருங்கள். சிரமம் ‘ஏற்பட்டது’, மழை பெய்தது போல. ஏற்படுத்தியது யார்? வாக்கியத்தில் ஆளே இல்லை. ‘நாங்கள் ஏற்படுத்திய சிரமத்திற்கு’ என்று மாற்றினால் போதும், பொறுப்பாளர் முன்னால் வந்து நின்றுவிடுவார்.

‘வருந்துகிறோம்’ என்பதும் பாதுகாப்பான சொல்தான். பக்கத்து வீட்டுத் துக்கத்துக்கும் வருந்தலாம். மன்னிப்புக் கேட்க வேண்டுமானால், தவறு நம்முடையதாக இருக்க வேண்டும்.

இந்தச் சின்ன வேறுபாட்டுக்காக ஒரு நாடே பல ஆண்டுகள் வாதாடியது. ஆஸ்திரேலியப் பூர்வகுடிப் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்தெடுத்த கொடுமையை 1997இல் ஓர் அறிக்கை விரிவாக வெளிக்கொணர்ந்தது. 1999இல் அப்போதைய பிரதமர் ஜான் ஹவர்ட் நாடாளுமன்றத்தில் கொண்டுவந்த தீர்மானம் ஆழ்ந்த வருத்தம் தெரிவித்தது, மன்னிப்புக் கேட்கவில்லை. 2008 பிப்ரவரி 13ஆம் தேதி, அடுத்த பிரதமர் கெவின் ரட் அதே அவையில் ‘ஸாரி’ என்றார். பார்வையாளர் மாடத்தில் இருந்தவர்கள் கண்ணீர் விட்டார்கள். அவர்கள் காத்திருந்தது அந்த ஒரு சொல்லுக்காக.

ஆனால் சொல்லோடு கதை முடியவில்லை. இழப்பீட்டு நிதி எதையும் ரட் அரசாங்கம் அறிவிக்கவில்லை. மத்திய அரசாங்கத்தின் நேரடிப் பொறுப்பில் இருந்த பகுதிகளில் பாதிக்கப்பட்டவர்களுக்கான இழப்பீட்டுத் திட்டம் 2021இல்தான் வந்தது. பதின்மூன்று ஆண்டுகளில் முதியவர்கள் பலர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

நம் ஊரிலும் 2011 பொதுத் தேர்தல் பிரசாரத்தில் அப்போதைய பிரதமர் லீ சியன் லூங், அரசாங்கம் சில விஷயங்களைச் சரியாகச் செய்யவில்லை என்று சொல்லி மக்களிடம் மன்னிப்புக் கேட்டார். வீட்டு விலையாலும் ரயில் நெரிசலாலும் மக்கள் சலித்திருந்த நேரம் அது. தலைவர் ஒருவர் மேடையில் அப்படிச் சொன்னது பலருக்கும் புதிதாக இருந்ததால்தான் இன்றும் அது நினைவில் நிற்கிறது.

நிறுவனங்கள் தயங்குவதற்கு ஒரு காரணம் உண்டு. மன்னிப்புக் கேட்டால் வழக்கில் அதுவே சாட்சியாகிவிடும் என்ற பயம். இதற்காகவே ஹாங்காங் தனிச் சட்டம் இயற்றியது. 2017 டிசம்பரில் நடப்புக்கு வந்த அச்சட்டப்படி, சிவில் வழக்குகளில் மன்னிப்புக் கேட்பது குற்றத்தை ஒப்புக்கொண்டதாகக் கருதப்படாது. மனிதர்கள் தாராளமாக மன்னிப்புக் கேட்கச் சட்டம் போட வேண்டியிருக்கிறது, பாருங்கள்!

தனிமனிதர்களும் சளைத்தவர்கள் அல்லர். ‘யார் மனமாவது புண்பட்டிருந்தால் வருந்துகிறேன்’ என்று சமூக ஊடகத்தில் பதிவிடுகிறோம். அந்த ‘இருந்தால்’ என்ற சொல், புண்பட்டவரையே சந்தேகிக்கிறது. ‘உனக்கு வலித்ததா என்று எனக்கு நிச்சயமில்லை’ என்பதுதான் அதன் உள்ளர்த்தம்.

இந்த வித்தையை நாம் எங்கே கற்கிறோம்? வீட்டில்தான். ‘கண்ணாடி உடைஞ்சிருச்சும்மா’ என்று பிள்ளை வந்து நிற்கும். ‘நான் உடைச்சிட்டேன்’ என்று வாய் வராது. ‘உடைந்தது’, ‘உடைத்தேன்’ என இரண்டுக்கும் தமிழில் தனித்தனிச் சொல் இருக்கிறது. எதைப் பழக்குகிறோம் என்பது பெற்றோர் கையில். ‘உடைச்சிட்டேன்’ என்று சொன்ன பிள்ளைக்கு முதல் அடி விழுந்தால், அடுத்த முறை அது ‘உடைஞ்சிருச்சு’ என்றுதான் சொல்லும். அலுவலகத்திலும் அதே நிலைதான்: உண்மையைச் சொன்ன ஊழியரை வறுத்தெடுக்கும் மேலாளருக்கு, ‘ஏற்பட்ட’ அறிக்கைகள்தான் வந்து சேரும்.

அடுத்த முறை ஒரு மன்னிப்பு அறிக்கையைப் படிக்கும்போது மூன்றைத் தேடுங்கள்: செய்தது யார், செய்தது என்ன, இனி என்ன செய்வார்கள். மூன்றும் இருந்தால் அது மன்னிப்பு. ஒன்றும் இல்லையென்றால், அது வெறும் அறிவிப்பு.