கட்டையை எண்ணாதீர்கள்!

மிடி கீபோர்டு வாங்கி வந்து, "ஏலே, ஸ்பீக்கரே இல்லலே!" என்று அலறியவன் நம் வகுப்பிலேயே உண்டு. அதில் சத்தமே கிடையாது. எந்தக் கட்டை, எவ்வளவு வேகமாக அமுக்கினோம் என்பதை 0 முதல் 127 வரையான எண்களாக அனுப்பும், அவ்வளவுதான். ஒலி மென்பொருளில் பிறக்கிறது. 1983-இல் வந்த ஏற்பாடு இது.

49 கட்டையா, 61 கட்டையா என்றுதான் எல்லாரும் கேக்கிறாங்க. என் கட்சி வேறு. 25 போதும், பிட்ச் பெண்ட் சக்கரம் இல்லாததை மட்டும் வாங்காதீங்க. வானமாமலை கோயிலில் நாதஸ்வரம் கேட்டவனுக்குத் தெரியும், நம்ம ஸ்வரம் ஓரிடத்தில் நிக்காது. தோடியின் காந்தாரத்தை வெறுங்கட்டையில் அமுக்கிப் பாருங்கள், தோடியே இருக்காது! அந்த அசைவுக்கு மிடியில் 16384 படிகள் இருக்கு. கொடை விழாவில் நாதஸ்வரத்தை நிறுத்திவிட்டு கீபோர்டு வைப்பவர்கள் அந்தச் சக்கரத்தைத் தொடுவதே இல்லை. எனக்கு ஆத்திரமே அதில்தான்.

ஒலி தாமதமா வந்தா கீபோர்டைத் திட்டாதீங்க. மென்பொருளில் பஃபர் அளவைக் குறைச்சுப் பாருங்க.