காற்றடித்தால் கைவிரிப்பு!

குற்றாலத்தில் ஐந்தருவிக்குப் போகும் பாதையில் வெண்ணமடைக்குளம் இருக்கிறது. சீசன் காலத்தில் அங்கே படகு சவாரி நடக்கும். சீசன் முடிந்தால் படகுகளுக்கும் ஓய்வு. ஓய்வில் கிடக்கும் படகை, அது குளத்துப் படகானாலும் சரி, கடலில் ஓடும் படகானாலும் சரி, வெயிலிலும் மழையிலும் காப்பது அதன்மேல் இழுத்துக் கட்டிய தார்ப்பாய்தான். சூறைக்காற்றில் அந்தத் தார்ப்பாய் கிழிந்து பறந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். படகு இன்ஷூர் செய்யப்பட்டிருக்கிறது. பிரிமியமும் தவணை தவறாமல் கட்டியாயிற்று. புதுத் தார்ப்பாய் வாங்கப் பணம் கிடைக்குமா?

உல்லாசப் படகுகளின் பாலிசிகளுக்குப் பல நாடுகளில் மாதிரியாக இருப்பவை, லண்டன் இன்ஷூரன்ஸ்காரர்கள் 1985 நவம்பரில் வகுத்த ஷரத்துகள். கட்டி விரித்த நிலையில் பாயோ மேலுறையோ காற்றில் கிழிந்தாலும், பறந்து போனாலும் நஷ்ட ஈடு கிடையாது என்று அவற்றில் ஒரு ஷரத்து சொல்கிறது. படகு தரைதட்டியிருக்க வேண்டும், எதன்மீதாவது மோதியிருக்க வேண்டும், அல்லது பாய்மரம் முறிந்திருக்க வேண்டும், அப்போதுதான் பேச்சு. அப்போதும் முழுத் தொகை நிச்சயமில்லை. பழைய உறைக்குப் புதிய உறை வாங்குகிறாய் என்று சொல்லி மூன்றில் ஒரு பங்கு வரை கழித்துக்கொள்ளக் கம்பெனிக்கு அதிகாரம் உண்டு. வெட்டவெளியில் கட்டிய தார்ப்பாய்க்குக் காற்றைவிடப் பெரிய எதிரி யார்? அந்த எதிரியை மட்டும் கணக்கிலிருந்து நீக்கிவிட்டு மற்றதற்கெல்லாம் காப்பு என்கிறார்கள்!

படகுக்காரர் பாடு நமக்கெதற்கு என்று மில் தோழர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கேட்கலாம். இதே ஷரத்து வேறு சட்டை போட்டுக்கொண்டு நம் ஊர் வாழைத் தோட்டத்துக்குள்ளும் வந்து நிற்கிறது. அதனால்தான் எழுதுகிறோம்.

ஆரியங்காவுக் கணவாய் வழியாக வரும் தென்மேற்குக் காற்றுதான் குற்றாலத்துக்குச் சாரலைக் கொண்டுவருகிறது. அதே காற்று வேகம் பிடித்தால் கடையத்திலும் செங்கோட்டையிலும் குலை தள்ளிய வாழையைப் பாதியில் முறித்துப் போடும். கோடை மழையோடு வரும் சூறைக்காற்றும் அப்படித்தான். ஒரு தோட்டம் தரைமட்டமாகும். வரப்புக்கு அந்தப் பக்கத்துத் தோட்டம் நிமிர்ந்து நிற்கும். காற்றுக்குக் கிராம எல்லையும் தெரியாது, பிர்க்கா எல்லையும் தெரியாது.

2016ல் வந்த பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்துக்கோ எல்லைதான் எல்லாம். கிராமம் அல்லது பிர்க்கா முழுவதற்கும் சில வயல்களில் மாதிரி அறுவடை செய்து சராசரி மகசூல் கணக்கிடுவார்கள். கடந்த 7 ஆண்டுகளில் நல்ல விளைச்சல் கண்ட 5 ஆண்டுகளின் சராசரியை எடுத்து, அதில் 70, 80 அல்லது 90 சதவீதத்தை மட்டுமே உத்தரவாத மகசூலாக வைப்பார்கள். ஊர்ச் சராசரி அதற்குக் கீழே இறங்கினால்தான் பணம். உன் தோட்டம் மட்டும் சாய்ந்தால்? தனி வயலுக்கென்று ஒரு பட்டியல் உண்டு. ஆலங்கட்டி மழை, நிலச்சரிவு, வெள்ளம் தேங்குதல், மேகவெடிப்பு, மின்னலால் வரும் தீ ஆகியவை அதில் இருக்கின்றன. சூறைக்காற்று இல்லை! லண்டன்காரன் படகுத் தார்ப்பாய்க்குச் சொன்ன பதிலைத்தான் டில்லி சர்க்கார் வாழைக்குச் சொல்கிறது.

பட்டியல் கல்வெட்டல்ல. நெல் வயலில் வெள்ளம் தேங்கினால் தனி வயலுக்குத் தரும் ஈட்டை 2018ல் நீக்கினார்கள். நீரில் நிற்கும் பயிருக்கு நீரால் என்ன சேதம் என்பது அவர்கள் வாதம். அழுகிய நாற்றைக் கையில் எடுத்துப் பார்த்தவன் அப்படிப் பேசமாட்டான். கடைசியில் 2025 நவம்பரில் அதை மீண்டும் சேர்ப்பதாகவும், காட்டு விலங்குகளால் வரும் அழிவையும் சேர்ப்பதாகவும், 2026 காரிப் பருவம் முதல் இது அமலாகும் என்றும் அறிவித்தார்கள். யானையும் பன்றியும் பட்டியலில் ஏற முடியுமானால் காற்று ஏன் ஏற முடியாது?

வாழை போன்ற பயிருக்கு விவசாயி கட்டும் பங்கு காப்பீட்டுத் தொகையில் அதிகபட்சம் 5 சதவீதம். அதற்குமேல் கம்பெனி கேட்கும் பிரிமியத்தை மத்திய, மாநில சர்க்கார்கள் கட்டுகின்றன. அது நம் வரிப்பணம். 107 கம்பெனிகளாக இருந்த பொது இன்ஷூரன்ஸ் தொழில் 1973 ஜனவரி 1 முதல் தேசவுடைமையாகி நான்கு கம்பெனிகளாயிற்று. 1999ல் தனியாருக்குக் கதவைத் திறந்தார்கள். 2025 டிசம்பரில் இந்தத் துறையில் அன்னிய முதலீட்டை 100 சதவீதம் வரை அனுமதிக்கும் மசோதாவைப் பார்லிமெண்டில் நிறைவேற்றினார்கள். ஷரத்து எழுதும் பேனா யார் கைக்குப் போகிறது என்பதை இதிலிருந்து தெரிந்துகொள்ளலாம்.

இதுவரை சொன்னதெல்லாம் நிலம் வைத்திருப்பவர் சங்கதி. கன்று நட்டவர், மண் அணைத்தவர், முட்டுக் கொடுத்தவர், இலை அறுப்பவர், தார் சுமப்பவர் - இவர்கள் பெயர் எந்தப் பாலிசியிலும் இல்லை. தோட்டம் சாய்ந்த அன்றே இவர்களுடைய வேலையும் சாய்ந்தது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென் ஜில்லாக்களைப் பெருமழை புரட்டிப் போட்டது. 33 சதவீதத்துக்கு மேல் அழிந்த நெற்பயிருக்கு ஹெக்டேருக்கு 17,000 ரூபாய் என்று மாநில சர்க்கார் அறிவித்தது. சிறு விவசாயிக்கு அது கிடைத்ததில் நமக்குச் சந்தோஷமே. போதாது என்பதுதான் நம் குறை. ஆனால் தென்காசி ஜில்லாவில் கூலிக்காரர் குடும்பத்துக்கு அறிவித்தது ரேஷன் அட்டைக்கு 1,000 ரூபாய்! அந்த ஆயிரத்தை வேலையில்லாத நாட்களால் வகுத்துப் பார்த்தால் ஒரு நாளைக்கு என்ன வரும்?

மில் தோழர்களுக்கு வேறொரு வழி தெரியும். 1948ம் வருஷச் சட்டத்தால் வந்த இ.எஸ்.ஐ. இருக்கிறது. இன்று தொழிலாளி கூலியில் 0.75 சதவீதமும், முதலாளியிடம் 3.25 சதவீதமும் வசூலிக்கிறார்கள். நோயில் படுத்தால் வருஷத்தில் 91 நாள் வரை கூலியில் 70 சதவீதம் கிடைக்கும். காய்ச்சல் எந்தக் காற்றில் வந்தது என்று யாரும் கேட்பதில்லை. இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிகளில் குறைகள் இருக்கின்றன. அதைப் பற்றித் தனியாகவே எழுதவேண்டும். என்றாலும், கூலி இழந்தவனுக்குக் கூலியின் கணக்கில் ஈடு என்ற முறை அங்கே நிலைநாட்டப்பட்டிருக்கிறது. வயலில் உழைப்பவனுக்கு அந்த முறை ஏன் கூடாது?

தனி வயல் பட்டியலில் சூறைக்காற்றைச் சேர்க்க வேண்டும். குத்தகைச் சீட்டு இல்லாமல் பயிரிடுபவர் பெயரை அடங்கலில் ஏற்ற வேண்டும். பயிர்ச் சேதத்தைக் கணக்கெடுக்கும் அதிகாரிகள் அந்த வயல்களில் வேலையிழந்தவர்களையும் கணக்கெடுத்து, இழந்த நாட்களுக்குக் கூலி வழங்க வேண்டும். இவை நம் கோரிக்கைகள்.

இதற்கிடையே காற்று நமக்காகக் காத்திருக்காது. காப்பீடு செய்தவர்கள் சேதம் நேர்ந்த 72 மணி நேரத்துக்குள் 14447 என்ற எண்ணில் புகார் பதிவு செய்து, அதன் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். சாய்ந்த மரங்களை அப்புறப்படுத்துமுன் படம் எடுத்து வையுங்கள். அந்தத் தோட்டங்களில் வேலை செய்தவர்களின் பெயர்களையும், இழந்த நாட்களையும் சங்கக் கிளைகள் ஒரு நோட்டில் எழுதட்டும். காற்றுக்கு ஈடில்லை என்று வாய்மொழியாகச் சொன்னால் ஏற்காதீர்கள்; எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அந்தக் காகிதங்களோடும் அந்த நோட்டுகளோடும் தென்காசி கலெக்டர் ஆபீசுக்குப் போவோம்.